படம் கீறிய பால்மா ரின்

வண்டு வந்தால் சுற்றும், சுற்றிவிட்டுப் போய்விடும். அன்றைக்கு வந்த வண்டு போகவே இல்லை.

பதுங்குகுழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும், அவர்களின் ஆசிரியையான நான், பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையான எங்கள் அதிபர். மேலே அடுக்கியிருந்த, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைகளின் இடுக்கால் மண் உதிர்ந்து அதிபரின் கொண்டையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தட்டவும் இல்லை. கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தபடி இருந்தார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் இல்லாமல் பறந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போகிற இராணுவத்தின் சின்ன விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் வண்டு. அது ஒன்றும் செய்யாது. அது பார்த்துவிட்டுப் போன பிறகு வருகிற குண்டுவீச்சு விமானம், பொம்மர்தான் செய்யும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, எங்களுக்கு வண்டுதான் மணியோசை.

"இன்னும் சுத்துது" என்றார் அதிபர்.

"ரீச்சர், அது வண்டு இல்லை" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது எங்கட ரின்."

"வாயை மூடு பிள்ளை!" என்றேன் நான். பயத்தில் இருக்கிறவளுக்கு நியாயம் சொன்னால் கோபம்தான் வரும்.

மூலையில் இருந்தவள் ஜெனிற்றா. ஐந்தாம் வகுப்பு. வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தில் பயமே இல்லை. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சலிப்போடு தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் நம்பவில்லை.

போன வாரம் நான் எழுதிய கிணற்றடிச் சண்டையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் வன்னியில் ஒருவரும் சிரிக்கவே மாட்டார்களா?" என்று கேட்டிருந்தார். சிரித்தோம் அம்மா. எதற்குச் சிரித்தோம் என்று சொல்லத்தான் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

கறண்ட் என்ன நிறம்?

உருத்திரபுரத்திலிருந்து வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் வந்து சேர்ந்து இரண்டு மாரி கடந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடமும் எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்தது. பள்ளிக்கூடம் என்றால் கட்டடமா என்ன, பெயர்ப்பலகையும் வரவு இடாப்பும் பிள்ளைகளும்தானே. பின்னிய தென்னோலைக் கிடுகால் அடைத்த மூன்று கொட்டில்கள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்து ஓரத்தில் ஒரு பாலைமரம். மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். றெயில் ஓடாத ஊரில் தண்டவாளத்துக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. மணியும் அதுதான், அபாய அறிவிப்பும் அதுதான். பாடம் முடிந்தால் மூன்று அடி நிதானமாக. வண்டு என்றால் நிறுத்தாமல் அடிக்க வேண்டும்.

நான் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தேன். அந்தத் தவணையில் மின்சாரம் பற்றி ஒரு பாடம் வந்தது. புத்தகத்தில் ஒரு ஆளி, அதாவது சுவிட்ச், ஒரு பல்ப், ஒரு மின்விசிறி. பிள்ளைகளில் பாதிப் பேர் எரிகிற பல்பைக் கண்ணால் கண்டதில்லை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் படித்த பிள்ளைகள். நான் கரும்பலகையில் பல்பைக் கீறி, "இதற்குள்ளால் மின்சாரம் ஓடுகிறது" என்றேன். எனக்கே அது பொய்யாகப் பட்டது.

அப்போது கிடுகுக்கு வெளியே இருந்து ஒரு கேள்வி வந்தது.

"ரீச்சர், கறண்ட் என்ன நிறம்?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேட்டது ஜெனிற்றா. அவள் ஏன் வெளியே இருந்தாள் என்பதுதான் இந்தக் கதையின் முழு விஷயமும்.

வெளியே இருந்த பிள்ளை

ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். தகப்பன் யேசுதாசன் கடற்தொழிலாளி. இடம்பெயரும்போது வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வலையைச் சுமந்துகொண்டு வந்த மனிதர். மல்லாவியில் எங்கே கடல்? அந்த வலையைக் கொட்டிலின் கூரை வளையில் சுருட்டி வைத்துவிட்டு, குளத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் இருந்த காலத்தில் ஜெனிற்றாவுக்கு ஒரு வேலை இருந்ததாம். விடியப்புறம் படகுகள் திரும்புகிற நேரம் கரையில் நின்று, தகப்பனின் எஞ்சின் சத்தத்தைப் பிரித்துப் பிடித்து, "அப்பா வாறார்" என்று தாய்க்குச் சொல்ல வேண்டும். படகு கண்ணுக்குத் தெரியுமுன்னே சொல்லிவிடுவாள். தாய் அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

இந்தக் காது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் கிழமையே தன்னைக் காட்டிவிட்டது. மற்றவர்கள் கேட்பதற்கு வெகு முன்னரே அவள் எழுந்து நின்று "வண்டு" என்றாள். ஒரு தடவை இல்லை, வந்த தடவையெல்லாம். அதிபர் பார்த்தார். முன்பு முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையாகப் பாலைமரத்தடியில் இருந்து காவல் பார்ப்பது வழக்கம். அந்த முறையை நிறுத்தி, ஜெனிற்றாவையே நிரந்தரமாக அங்கே இருத்திவிட்டார்.

அதிபரைக் குறை சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உயிரைக் கையில் வைத்திருந்த பெண்மணி. நல்ல காது ஒன்று கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு தவணையாக வகுப்புக்கு வெளியே இருந்தாள். எங்கள் கொட்டிலின் கிடுகுச் சுவர் பாலைமரத்துக்குக் கிட்டத்தான். ஒரு காது வானத்துக்கு, ஒரு காது எனக்கு. அப்படித்தான் படித்தாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வாள். தமிழ்ப் பாட்டெல்லாம் மனப்பாடம். நான் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன், ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்குச் செய்யச் சொல்லும் வரைக்கும்.

வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடுகூட விழவில்லை.

"ஏழு எத்தினை தரம் போகும்?"

"ஆறு தரம், ரீச்சர். நாற்பத்திரண்டு. மிச்சம் மூண்டு."

"சரி, அடுத்த இலக்கத்தை இறக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இறக்கு, இறக்கு எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள். எங்க இறக்கிறது, ரீச்சர்?"

வாய்ப்பாட்டைக் காதால் படிக்கலாம். நெடுமுறை வகுத்தலைக் காதால் படிக்க முடியாது; அதைப் பார்க்க வேண்டும். இரண்டு தவணை அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. வருட முடிவில் சோதனை இருந்தது. கணக்கில் விழுந்தால் அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்கள். நின்றுவிட்டால் யேசுதாசன் படிப்பை நிறுத்திவிடுவார் என்று தாய் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு வெளியே போகும்போது ஜெனிற்றா கேட்டாள்.

"ரீச்சர், நான் உள்ளுக்கு வரட்டே?"

"அதிபரிட்டைக் கேக்கிறன்" என்றேன். கேட்டேன். "வேற ஆரை, விமலா, வெளியில விடுறது?" என்றார்.

செத்த பற்றறிக்கு உயிர் கொடுத்தல்

இனி ரின்னுக்கு, அதாவது அந்தக் காலிப் பால்மாத் தகர டப்பாவுக்கு, வருகிறேன்.

கறண்ட் என்ன நிறம் என்ற கேள்வி என்னை விடவில்லை. நிறத்தைக் காட்ட முடியாது. அது செய்கிற வேலையைக் காட்டலாம் என்று யோசித்தேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரு விளையாட்டுப் பொறி செய்திருந்தோம். சின்ன மோட்டர் ஒன்றின் அச்சில் ஒரு பக்கமாகப் பாரத்தைக் கட்டினால், சுற்றும்போது அது நடுங்கும். அந்த மோட்டரை மூன்று பென்சில் கால் வைத்த ரின்னின் மேல் பூட்டினால், ரின்னும் நடுங்கி நடுங்கி நடக்கும். நடக்கிற வழியெல்லாம் பென்சில் கீறும். அவ்வளவுதான். வெளிநாட்டில் இதற்கு ரோபோ என்று பெயர் வைப்பார்கள். நாங்கள் ரின் என்றோம்.

மோட்டருக்கு எங்கே போவது? என் வகுப்பில் குமார் என்றொரு பையன் இருந்தான். அவன் தகப்பன் மாரிமுத்து மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்தவர். அவர் வீட்டில் ஊமையாகிப்போன ஒரு ரேப் றெக்கோடர் இருப்பதாகக் குமார் சொன்னான். நானே போய்க் கேட்டேன்.

"எடுத்துக்கங்க டீச்சர்" என்றார் மாரிமுத்து. "பாட்டு நின்னு எத்தனையோ நாளாச்சு. பயலுக படிக்கட்டும். ஆனா அந்த மூடியை மட்டும் திருப்பித் தந்துருங்க, சம்சாரம் அதுல கண்ணாடி ஒட்டி முகம் பாக்குது."

மோட்டர் கிடைத்தது. மூடியும் கண்ணாடியோடு திரும்பிப் போனது.

அடுத்தது பற்றறி. அந்த நாளில் வவுனியாவைத் தாண்டிப் பற்றறி வராது. அரசாங்கம் தடை செய்த பொருள். ஆனபடியால் வன்னியில் ஒருவரும் செத்த பற்றறியை எறிவதில்லை. வெயிலில் காய வைப்பார்கள். அடியில் ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விடுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் அடுப்பங்கரையில் வைத்துச் சூடு காட்டுவார்கள். பற்றறியும், போதுமடா சாமி என்று இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் செத்த பற்றறிகளைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் மிளகாய் காயப் போட்டது போலப் பற்றறி காயப் போட்டிருந்தோம். காகம் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகும்.

காய்ந்ததை வரிசையாக அடுக்கி, காட்போட்டால் சுற்றி, சைக்கிள் ரியூப் பட்டியால் இறுக்கிக் கட்டினோம். மோட்டர் இலேசாக முனகியது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எல்லா வேலையும் பாலைமரத்தடியில்தான் நடந்தது. அது குமாரின் யோசனை. "ஜெனிற்றா அக்கா இங்க வர ஏலாது எண்டா நாங்கள் அங்க போவம் ரீச்சர்" என்றான். வன்னியில் பிறந்த பையன். தகப்பனின் பேச்சு வீட்டோடு சரி. பள்ளி விட்ட பிறகு எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். அவள் காதை மேலே வைத்துக்கொண்டே கையால் வேலை செய்தாள்.

பாரத்தில்தான் முட்டுப்பட்டோம். கல்லைக் கட்டினால் கழன்று பறந்தது. ஆணியைக் கட்டினால் நடுக்கம் போதவில்லை. அடுத்த நாள் ஜெனிற்றா சட்டைப் பையிலிருந்து ஒரு ஈயக் குண்டை எடுத்தாள். வலையைத் தண்ணீருக்குள் இழுத்துவைக்கக் கீழ்க்கயிற்றில் கோத்திருப்பார்களே, அது.

"அப்பாட்டைக் கேட்டனியே?"

"கேட்டனான். முதல்ல ஏசினார். பிறகு, ஒண்டுதானே, கடலுக்குப் போகேக்க புதுசு கோக்கலாம் எண்டார்."

செருப்பு ரப்பரில் ஒரு துண்டு வெட்டி அச்சில் குத்தி, அதில் ஈயத்தைக் கட்டினோம். பால்மா ரின்னைக் கவிழ்த்து, மூன்று பென்சில் கட்டைகளை ரியூப் பட்டியால் சுற்றிக் கட்டினோம். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், மற்றது சாதாரணம். பற்றறிக் கட்டு கனம் என்பதால் அதைத் தரையில் வைத்து, நீள வயரால் ரின்னோடு தொடுத்தோம். கயிற்றில் கட்டிய நாய்க்குட்டி மாதிரி இருந்தது.

போகாத வண்டு

முதல் ஓட்டத்தை மரத்தடியில் வைக்க நினைத்தோம். காற்று விடவில்லை, விரித்த காட்போட்டைத் தூக்கித் தூக்கி எறிந்தது. உள்ளே கொண்டுபோய் மேசைப் பலகையில் வைத்தோம். ஜெனிற்றா பார்க்க வேண்டும் என்று அந்தப் பாடவேளைக்கு மட்டும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை வெளியே இருத்தினேன்.

குமார் வயரைத் தொடுத்தான். ரின் நடுங்கியது. ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, நடந்தது. பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். வெறும் ரின், அடியில் பலகை. மோட்டரின் முனகல் அதற்குள் புகுந்து பெருகி, கிடுகைத் தாண்டி வெளியே போனது.

அதைக் கேட்ட வெளிப் பையன் தண்டவாளத்தை அடிக்கத் தொடங்கினான். நிறுத்தாமல் அடித்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்களுக்குக் கண் அல்ல, காது அரண்டுபோயிருந்தது. மேசையில் கிடந்த ரின்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் குழிக்குள் பாய்ந்தோம். "அது ரின்! அது ரின்!" என்று நடுவில் நின்று கத்தியவளை நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஆகவே நாங்கள் குழிக்குள். ரின் மேலே. ரின் ஓடுகிறவரை சத்தம் போகாது. சத்தம் போகாதவரை நாங்கள் வெளியே வரமாட்டோம்.

கடைசியில் சத்தம் மெலிந்து, இழுத்து, நின்றது. "போயிட்டுது" என்றார் அதிபர், சிலுவை போடாத குறையாக. மெல்ல மேலே ஏறி வந்தோம். வகுப்புக்குள் போய்ப் பார்த்தால், காட்போட் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகச் சுழி. எறும்புக் கூட்டம் வழி தெரியாமல் திரிந்த மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. ஓரத்தில் ரின் சாய்ந்து நின்றது.

முதலில் சிரித்தது அதிபர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொண்டை மண் உதிரச் சிரித்தார். அவர் சிரிக்க எல்லாரும் சிரித்தோம். குமார் மட்டும் அழுதான். பற்றறி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஜெனிற்றா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்றாள்.

புளியங்கொட்டை

சிரித்து முடிந்ததும் அதிபர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"விமலா, இனி அது வேண்டாம்."

"ஏன் ரீச்சர்? சிரிச்சீங்கள்தானே?"

"சிரிச்சனான். பிறகு யோசிச்சனான். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளையளின்ர காது பழகினா என்ன நடக்கும்? உண்மையான வண்டு வரேக்கயும் ரின் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்துவிடுவினம்."

எனக்கு மூக்கு முட்டக் கோபம். கோபம் வந்ததே அவர் சொன்னது சரி என்பதால்தான். போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். குமார் மறுபடியும் அழுதான்.

ஜெனிற்றா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சத்தம்தானே பிழை? அதை மாத்தினா?" என்றாள்.

பாலைமரத்தடியில் இருந்துகொண்டே மாற்றினாள். ரின்னுக்குள் மணல் போட்டாள். சத்தம் அமுங்கியது, ரின் நகரவில்லை. கூழாங்கல் போட்டாள், ரின் சரிந்து விழுந்தது. புளியங்கொட்டை ஒரு பிடி போட்டு மூடியை இறுக்கினாள். கலகலவென்று, கல்யாண வீட்டுக்கு வந்த சின்னப்பிள்ளையின் கொலுசு போல ஒரு சத்தம். உலகத்தில் எந்த விமானமும் அப்படிச் சத்தம் போடாது.

மறுபடியும் பற்றறி சேர்த்துக் காயவைக்கச் சில கிழமைகள் போயின. அதிபரை அழைத்துவந்து கண்ணை மூடிக் கேட்கச் சொன்னோம். கேட்டார். "சரி" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: ரின் ஓடும்போது வெளியே ஜெனிற்றாதான் இருக்க வேண்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "செய்தவளே பாக்கக்கூடாதெண்டால் என்ன ரீச்சர் நியாயம்? நீங்கள் போய் மரத்தடியில இருங்கோவன்!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது.

அதிபர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு நாளைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

வயரை இழுத்தவள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். ஜெனிற்றா முன் வாங்கில், ரின்னுக்கு நேரே இருந்தாள். ரின் கலகலத்துக்கொண்டு நடந்தது. பிள்ளைகள் அது போகிற பக்கம் எல்லாம் கத்தினார்கள். "இஞ்சால வருது! இஞ்சால வருது!" அவ்வளவு இரைச்சலில் நான் சொன்னதே எனக்குக் கேட்கவில்லை.

ஜெனிற்றா எழுந்து நின்றாள்.

"வருது."

ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே அதிபர் சாவதானமாக இருந்தார். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள். மணி அடிக்காமல் வகுப்பு வெளியே வருவதைக் கண்டு அதிபர் ஏசுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயோடு தலையைச் சரித்தார். பிறகு தண்டவாளத்தை அடிக்கத் தொடங்கினார்.

நான் குழி வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது.

திரும்பிப் பார்த்தால், கொட்டிலிலிருந்து கடைசி ஆளாக ஜெனிற்றா ஓடி வருகிறாள். கிட்ட வந்ததும் முதுகில் ஒன்று போட்டேன்.

"என்ன செய்தனீ உள்ளுக்கு?"

"வயரைக் கழட்டினனான், ரீச்சர். பற்றறி வீணாப் போயிடும்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். அன்றைக்குப் பொம்மரும் வந்தது. குளத்துக்கு அப்பால் காட்டுக்குள் குண்டு விழுந்தது. எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவரின் மாடு செத்துப்போனதாகப் பிறகு சொன்னார்கள்.

அதிபரின் கதிரை

திங்கட்கிழமை காலை ஜெனிற்றா வழமைபோல நேரே பாலைமரத்தடிக்குப் போனாள். அதிபர் அவளைக் கூப்பிட்டு எங்கள் வகுப்புக்கே அழைத்து வந்தார். முகம் முழுக்க மகிழ்ச்சி. பெரிய பரிசு ஒன்றைக் கொடுக்கப்போகிற ஆளைப்போல நின்றார்.

"பிள்ளை, நீ அவ்வளவு சத்தத்துக்குள்ளயும் உள்ளுக்கிருந்தே கேட்டுட்டாய். எனக்கு வெளியில இருந்தும் கேக்கேல்ல. இனி உள்ளுக்கே இரு. வாசல் கரையில இருந்து காதை மட்டும் வெளியில வைச்சுக்கொள்."

நான் பெருமூச்சு விட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜெனிற்றா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"உள்ளுக்கு வந்தா நான் கேக்கமாட்டன், ரீச்சர்."

"என்ன?"

"ரெண்டும் ஒண்டா ஏலாது. கேட்டுக்கொண்டிருந்தா கணக்கைப் பாக்க ஏலாது. கணக்கைப் பாத்தா கேக்காது."

"வெள்ளிக்கிழமை கேட்டுதே? ரின்னையும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீ?"

"இல்லை ரீச்சர்" என்றாள். "ரின்னை நான் பாக்கேல்ல. கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் முன் வாங்கில் இருந்ததை நான் கண்டேன். கண் ரின்னின் மேல் இருந்ததையும் கண்டேன். அவள் கையால் கட்டிய பென்சில், அவள் தகப்பனின் வலையிலிருந்து வந்த ஈயம், அவள் போட்ட புளியங்கொட்டை. அது ஓடியதை வகுப்பே பார்த்தது, அவள் பார்க்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நாங்கள் என்ன வேலை கொடுத்திருந்தோம்!

அதிபர் வாசலைப் பார்த்தார். பிறகு தன் கொட்டிலுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் கதிரை, மறு கையில் வரவு இடாப்புகள். பாலைமரத்தடியில் கதிரையைப் போட்டு, இடாப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"விமலா, நாளைக்கு நீ. நாளையிண்டைக்கு மற்ற ரீச்சர். நாங்கள் பெரிய ஆக்கள்தானே, கேட்டுப் பழகுவம்" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

ஜெனிற்றா முன் வாங்கில் வந்து இருந்தாள். நான் கரும்பலகையைத் துடைத்துவிட்டு ஒரு வகுத்தல் கணக்கு எழுதினேன். ஏழாம் வாய்ப்பாடு. பெருக்கி, கழித்து, மிச்சத்தை எழுதி, அடுத்த இலக்கத்தை மெல்ல, மிக மெல்ல, ஒரு கோடு போட்டுக் கீழே இறக்கினேன்.

"ஓ, இஞ்சயே!" என்றாள். தன் விரலால் வாங்கின் மேல் அதே கோட்டைக் கீறிப் பார்த்தாள்.

அந்த நேரம் வீதியில் எஞ்சின் சத்தம் ஒன்று எழும்பியது. மண்ணெண்ணெயில் ஓடுகிற லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம், இருமிக்கொண்டு வந்தது. மரத்தடியில் அதிபர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நான் வெண்கட்டியோடு திரும்பினேன். குமார் பாதி எழும்பி நின்றான். வகுப்பே தலையைத் தூக்கியது.

ஜெனிற்றா தலையைத் தூக்கவில்லை. அவள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.